ஆட்டோ நெகோஷியேஷன்: பேரமா, பொருத்தமா?

குழுவினருக்கு வணக்கம்.

அமைப்புச் சாளரத்தின் தமிழாக்கத்தில் ஈதர்நெட் பக்கத்தை நான் எடுத்துக்கொண்டது நினைவிருக்கும். முப்பது முப்பத்தைந்து வரிதான், ஒரு மாலையில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு வாரமாக ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ஆட்டோ நெகோஷியேஷன்: கேபிளின் இரு முனையிலும் உள்ள கருவிகள் எந்த வேகத்தில் ஓடுவது என்று தாங்களே முடிவு செய்துகொள்வது.

பழைய கோப்பில் ‘தானியங்குப் பேச்சுவார்த்தை’ என்று இருக்கிறது. யாரையும் குறை சொல்லவில்லை, அகராதியைத் திறந்தால் அதுதான் வரும். ஆனால் அதைப் படிக்கும்போதெல்லாம் தொழிற்சங்கமும் நிர்வாகமும் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடிப்பதுதான் கண்ணில் வருகிறது. பேச்சுவார்த்தை நீடிப்பு, பேச்சுவார்த்தை முறிவு என்று எழுதி எழுதிச் செய்தித்தாள்கள் அந்தச் சொல்லைச் சொந்தமாக்கிக்கொண்டுவிட்டன.

சரி, அது உண்மையில் என்ன வேலை செய்கிறது என்று எனக்கே போன மாதம்தான் உறைத்தது. கதை கொஞ்சம் நீளம்.

வீட்டுக் கணினிக்கு வயது பதினொன்று. தாய்ப்பலகையோடு வந்த லான் போர்ட் 1ஜி, அதாவது நொடிக்கு ஒரு ஜிகாபிட். படங்களையும் வீடியோக்களையும் மாடியில் இருக்கும் சேமிப்புப் பெட்டிக்கு நகலெடுத்தால் நொடிக்கு 110 மெகாபைட்டைத் தாண்டாது. 400 ஜிகாபைட் என்றால் ஒரு மணி நேரம். சேமிப்புப் பெட்டியும், நடுவில் கேபிள்களை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சும் ஏற்கெனவே 2.5ஜி, பெட்டிக்குள் இருப்பது எஸ்எஸ்டி. பின்தங்கி நின்றது இந்தக் கணினி மட்டும்தான். ரிச்சி தெருவுக்குப் போய் 2.5ஜி லான் கார்டு ஒன்று வாங்கி வந்தேன். விரல் நீளத்துக்கு ஒரு பலகை, அதன் மேல் பொட்டு மாதிரி ஒரு ஹீட்சிங்க். குட்டைப் பெட்டிக்கான தகடு மாட்டியிருந்தது. அதைக் கழற்றிவிட்டு, உறையில் தனியாகக் கிடந்த உயரத் தகட்டை மாட்டி, தாய்ப்பலகையில் இருக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸின் சின்னச் செருகுவாயில் வைத்து அழுத்தினேன். அந்த வாய் இரண்டாம் தலைமுறை, நொடிக்கு 500 மெகாபைட் கடத்தும். 2.5ஜிக்கு வேண்டியது 312தான், இடம் தாராளம். முதல் தலைமுறையாக இருந்தால் 250லேயே முட்டி நின்றிருக்கும்.

கணினியை ஓடவிட்டு ஒரு கோப்பை நகலெடுத்தேன். நொடிக்கு 11 மெகாபைட். கைக்காசு போட்டு, இருந்த வேகத்தைப் பத்தில் ஒன்றாக்கியிருக்கிறேன்! 400 ஜிகாபைட்டுக்கு இப்போது பத்து மணி நேரம்.

இயங்குதளத்தின் கர்னல் பதிவில் பார்த்தால் இணைப்பு 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்), முழு டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் இரண்டு திசையும்), பக்கத்திலேயே ‘டவுன்ஷிஃப்டட்’ என்று ஒரு சொல். அந்தச் சொல்லை அப்போது நான் பொருட்படுத்தவில்லை. அட்டையைச் சந்தேகப்பட்டேன், இயக்கி மென்பொருளைச் சந்தேகப்பட்டேன், கடைக்காரரை மனத்துக்குள் திட்டினேன். கடைசியில் கேபிளைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், ஆர்ஜே45 முனைக்குள் பழுப்புக் கம்பி மட்டும் உலோகப் பல்லுக்கு எட்டாமல் பின்வாங்கி நிற்கிறது. நானே கிரிம்ப் செய்த முனை. பெட்டியைச் சுவரோரத்திலிருந்து வெளியே இழுத்தபோது கேபிளும் இழுபட்டிருக்கிறது. 100 எம்பிபிஎஸ் ஓட இரண்டு ஜோடிக் கம்பி போதும். 1ஜிக்கும் 2.5ஜிக்கும் நான்கு ஜோடியும் வேண்டும். முனையை வெட்டிப் புதிதாக அடித்தேன். வேகம் அளக்கும் ஐபெர்ஃப் நிரல் 2.35 ஜிகாபிட் காட்டியது, நகல் 280 மெகாபைட்டில் ஓடியது. 400 ஜிகாபைட் இருபத்து நான்கு நிமிடம். சுவருக்குள் இருப்பது பழைய கேட்5இ ரகக் கம்பிதான், அதில் கை வைக்கவே இல்லை. 2016ல் வந்த 802.3பிஇசட் என்ற ஈதர்நெட் தரத்தின் நோக்கமே அதுதானே, கட்டடங்களுக்குள் ஏற்கெனவே ஓடும் கம்பியில் 1ஜியைத் தாண்டுவது.

அப்புறம்தான் சொல்லுக்கு வந்தேன். கேபிளை மாட்டிய நொடியில் இரண்டு முனையும் ஒன்றுக்கொன்று ஏதோ சொல்லிக்கொண்டு ஒரு வேகத்துக்கு வருகின்றன. வெளியே யாருக்கும் ஒன்றும் கேட்காது, வெறும் துடிப்புகள். எனக்குச் சட்டென்று நினைவுக்கு வந்தது மணப்பாறை மாட்டுச் சந்தை. சின்ன வயதில் தாத்தாவோடு போனபோது பார்த்திருக்கிறேன். வாங்குகிறவரும் தரகரும் கையைத் துண்டால் மூடிக்கொள்வார்கள். துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தான் விலை. சுற்றி நூறு பேர் நின்றாலும் என்ன விலை படிந்தது என்று தெரியாது. இங்கே நடப்பதும் அதேதான் என்று தோன்றியது. ஆகவே என் முன்மொழிவு: வேகப் பேரம். ‘பேரம் படிந்தது’, ‘பேரம் படியவில்லை’ என்று வினையும் கூடவே கிடைக்கிறது. பேச்சுவார்த்தையை வைத்துக்கொண்டு ‘நடைபெற்றது’, ‘நடைபெறவில்லை’ என்று இழுக்க வேண்டாம்.

மற்ற சொற்களில் எனக்குத் தகராறு இல்லை. நெட்வொர்க் கார்டுக்குப் பிணைய அட்டை அப்படியே இருக்கட்டும். பிணை என்றால் ஜாமீன், அட்டை என்றால் ரத்தம் உறிஞ்சுவது என்று கேலி செய்கிறவர்கள் எப்போதும் செய்வார்கள். இலங்கை நண்பர்கள் வலையமைப்பு என்கிறார்கள், அது இன்னும் தெளிவு. ஆனால் நம் கோப்புகள் முழுக்கப் பிணையம் ஏறிவிட்டது. ஈதர்நெட்டை ‘ஈதர்வலை’ என்று பாதி மட்டும் மாற்றவும் வேண்டாம். 1973ல் அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மெட்கால்ஃப் அந்தப் பெயரை வைத்ததே, ஒளியைச் சுமப்பதாக ஒரு காலத்தில் நம்பிய, உண்மையில் இல்லாத ஒரு பொருளின் பெயரைக் கடன் வாங்கித்தான். இல்லாத ஈதருக்கு நாம் வேறு வலை பின்ன வேண்டுமா?

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

———

தம்பி,

துண்டுக் கதையை ரசித்துப் படித்தேன். ஆனால் சொல் தப்பு. முப்பது வருஷம் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் கம்பியோடு குடும்பம் நடத்தியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

> வாங்குகிறவரும் தரகரும் கையைத் துண்டால் மூடிக்கொள்வார்கள்.

ஏன் மூடுகிறார்கள்? ஒருவர் மனதில் இருப்பது மற்றவருக்குத் தெரியக்கூடாது என்பதால். விற்கிறவர் ஏற்றிச் சொல்வார், வாங்குகிறவர் இறக்கிக் கேட்பார், நடுவில் எங்கோ படியும். அதுதான் பேரம். ஈதர்நெட்டில் யாரும் எதையும் மறைப்பதில்லை. இரண்டு பக்கமும் ‘எனக்கு இன்னின்ன வேகம் வரும்’ என்று முழுப் பட்டியலையும் எடுத்து வைத்துவிடுகின்றன. 16 மில்லிநொடிக்கு ஒரு முறை ஒரு துடிப்புக் கொத்து, ஒவ்வொரு கொத்திலும் 16 பிட். ஒரு கொத்தில் அடங்காததை அடுத்த பக்கம் என்று தொடர்ந்து அனுப்பும், 2.5ஜி அந்தத் தொடர்ச்சியில்தான் வருகிறது. இரண்டு பட்டியலும் கைக்கு வந்த பிறகு தரத்தில் அச்சடித்த வரிசை ஒன்று இருக்கிறது. மேலிருந்து கீழே பார்த்து, இருவருக்கும் பொதுவாக முதலில் அகப்படுவதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். விட்டுக்கொடுப்பதும் இல்லை, இழுபறியும் இல்லை. 1995ல் தரத்துக்குள் வந்த நாளிலிருந்து இப்படித்தான்.

இரண்டு வீட்டிலும் ஜாதகத்தைக் கொடுத்து, பஞ்சாங்கத்தை வைத்துக் கட்டம் கட்டமாகப் பார்ப்பதற்கு நம்மிடம் ஒரு பெயர் இருக்கிறதே. பொருத்தம். வேகப் பொருத்தம் என்று வையுங்கள்.

இன்னொன்று. உங்கள் வீட்டில் பழுதானது பொருத்தமே அல்ல. அந்தத் துடிப்புகள், முனையின் பல் எண்படி, 1-2, 3-6 என்ற இரண்டு ஜோடியில்தான் போகும். பழுப்பு ஜோடி 7-8. அது கழன்றதே பொருத்தம் பார்க்கிறவருக்குத் தெரியாது. இரண்டு முனையும் ‘2.5ஜி, சரி’ என்று ஒத்துக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கும். அங்கே நான்கு ஜோடியிலும் குறிகையை (சிக்னலை) ஏற்றி, ஒன்று காலத்தைக் கொடுக்க, மற்றது அதைப் பிடித்துக்கொண்டு தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும். லிங்க் ட்ரெய்னிங் என்பார்கள். கோப்பில் இதற்குப் ‘பயிற்சி’ என்று போட்டிருக்கிறது, ஏதோ தட்டச்சு வகுப்பு மாதிரி. கச்சேரிக்கு முன்னால் தம்புராவை மீட்டிவிட்டு மற்றவர்கள் அதோடு சேர்ப்பார்களே, அதுதான் இது. ஒரு முனையின் அதிர்வெண்ணை மறுமுனை பிடிக்கிறது. சுருதி சேர்த்தல். உங்கள் கம்பியில் சுருதி சேரவில்லை. சில முறை முயன்று பார்த்துவிட்டு, இரண்டு ஜோடி போதும் என்கிற 100க்கு இறங்கிவிட்டது. அந்த இறக்கத்தைத்தான் கர்னல் உங்களுக்கு ஒரே சொல்லில் சொன்னது. நீங்கள் கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தீர்கள்.

பத்துப் பொருத்தத்தில் ரஜ்ஜு முக்கியம் என்பார்கள். ரஜ்ஜு என்றால் கயிறு. மற்றதெல்லாம் சரியாக இருந்து, உங்கள் வீட்டில் கயிறு மட்டும் நழுவியிருக்கிறது!

———

ஐயா,

தோற்றேன். கடைக்காரரிடம் மானசீகமாக மன்னிப்பும் கேட்டுவிட்டேன்.

துண்டை விட மனமில்லாமல் ஒரு நாள் முழுக்க ஓட்டை தேடினேன். சுவிட்சில் ஒருவர் வேகத்தைக் கையால் 100, முழு டூப்ளெக்ஸ் என்று பூட்டிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தேன். அந்த முனை பட்டியலே அனுப்பாது. கணினிப் பக்கம் குறிகையைப் பார்த்து 100 என்பதை ஊகித்துக்கொள்ளும், டூப்ளெக்ஸை ஊகிக்க வழியில்லாமல் பாதி என்று வைத்துக்கொள்ளும். அப்புறம் ஒரு பக்கம் முழு, ஒரு பக்கம் பாதி என்று மோதி மோதி ஊர்ந்துபோகும். பேரம் என்ற சொல்லை வைத்து இதை விளக்க முடியுமா என்று பார்த்தேன், முடியவில்லை. பொருத்தத்தை வைத்தால் ஒரே வரி: ஒரு வீட்டார் ஜாதகம் தரவில்லை. துண்டை மடித்து வைத்துவிட்டேன்.

மற்ற மறுமொழிகளுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

> பொருத்தம் என்றால் ஜாதக வாடை அடிக்கிறது. தொழில்நுட்பத்தில் இது எதற்கு?

ஜாதகத்துக்கு மட்டும் சொந்தமான சொல்லா அது? சட்டை பொருத்தமாக இருக்கிறது என்கிறோம், பொருத்தமான ஆள் என்கிறோம். திரையில் ‘வேகப் பொருத்தம்’ என்று பார்க்கிறவருக்குப் பஞ்சாங்கம் நினைவுக்கு வராது. வந்தாலும் நஷ்டமில்லை, நடப்பது அதுதான்.

> கடையில் யாரும் இதைச் சொல்லப்போவதில்லை. ‘ஆட்டோ’ என்று விட்டுவிடலாம்.

பட்டியலில் தேர்வு செய்யும் இடத்தில் ‘தானாக’ என்றுதான் வரும், ‘ஆட்டோ’வுக்குப் பதில் அது போதும். ஆனால் பிழைச்செய்தியில் ‘தானாகத் தோல்வி’ என்று எழுத முடியாதே. அங்கே ஒரு பெயர் வேண்டும்.

எனக்கே ஒரு சிக்கல் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். உதவிப் பக்கத்தில் ‘அட்டையைப் பொருத்தியதும் வேகப் பொருத்தம் நடக்கும்’ என்று ஒரு வரி. வாசித்துப் பார்த்தேன், நாக்கு தடுக்குகிறது. படிப்பவர் எது எதைப் பொருத்துகிறது என்று நின்று யோசிப்பார். ஆகவே அட்டைக்கும் கேபிளுக்கும் ‘மாட்டு’, ‘செருகு’ என்பதையே எல்லா இடத்திலும் போட்டுவிட்டேன். பேச்சிலும் நாம் அப்படித்தானே சொல்கிறோம், கார்டை மாட்டு, கேபிளைச் செருகு. ‘பொருத்து’ அந்தக் கோப்பில் பதினேழு இடத்தில் இருந்தது. தேடித் தேடி எடுத்தேன்.

டவுன்ஷிஃப்டுக்குப் படியிறக்கம். கியர் இறக்கம் என்று முதலில் எழுதினேன், ஆனால் கியரை ஓட்டுகிறவர் விரும்பி இறக்குவார். இங்கே வேறு வழியில்லாமல் தானாக இறங்குகிறது. ‘படியிறங்கியது’ என்று வினையாகவும் நன்றாக நிற்கிறது.

டூப்ளெக்ஸுக்கு ஒரு யோசனை. முழுவதற்கு ‘இருவழி’ என்று சும்மா சொல்லிவிடலாம். பாதி டூப்ளெக்ஸைப் ‘பாதி இருவழி’ என்றால் ஒன்றும் விளங்காது. அதில் இரண்டு திசையும் உண்டு, ஒரே நேரத்தில் இல்லை, அவ்வளவுதான். எங்கள் ஊரில் வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுவார்கள், முறைத்தண்ணீர் என்பார்கள். என் முறை வரும்வரை நான் மடையைத் திறக்கக் கூடாது. அதனால் ‘முறைவழி’. துண்டு போலவே இதிலும் ஓட்டை இருந்தால் ஐயா சொல்லிவிடவும், இந்த முறை வாதாடமாட்டேன்.

எழுதி வைத்திருக்கும் வரிகள் இவை:

வேகப் பொருத்தம்: தானாக / கையால்
வேகப் பொருத்தம் முடிந்தது: 2.5ஜி, இருவழி
மறுமுனை பட்டியல் தரவில்லை. ஊகித்த வேகம்: 100எம், முறைவழி
சுருதி சேரவில்லை. 100எம்-க்குப் படியிறங்கியது. கேபிளைச் சரிபார்க்கவும்.

கடைசி வரியில் ‘கேபிளைச் சரிபார்க்கவும்’ மூலத்தில் கிடையாது, நானாகச் சேர்த்தது. மொழிபெயர்ப்பில் கூட்டக் கூடாது என்ற விதி தெரியும், வேண்டாமென்றால் எடுத்துவிடுகிறேன். அன்றைக்கு அந்த இரண்டு சொல் திரையில் இருந்திருந்தால் எனக்கு ஒரு சனிக்கிழமை மிச்சமாகியிருக்கும்.

ஞாயிறு இரவுக்குள் மறுப்பு எதுவும் வரவில்லையென்றால் கோப்பை ஏற்றிவிடுகிறேன்.