மாலையில் தளர்ந்துவிடும் செயற்கைக் கால்: அனுபவமுள்ளவர்களின் யோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். சர்க்கரை நோயால் ஆறாத புண் ஏற்பட்டு, என் தந்தையின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து எட்டு மாதங்களும், செயற்கைக் கால் பொருத்தி மூன்று மாதங்களும் ஆகின்றன. காலையில் கச்சிதமாக இருக்கும் சாக்கெட் (எஞ்சிய கால் நுழையும் கிண்ணம் போன்ற பகுதி) மாலைக்குள் தளர்ந்துவிட, ஒவ்வோர் அடிக்கும் காற்று வெளியேறும் 'டப்' என்ற ஓசை கேட்கிறது.

எஞ்சிய கால் முதல் சில மாதங்களில் சுருங்கிக்கொண்டே வரும் என்பதும், ஒரே நாளுக்குள்ளும் அதன் பருமன் குறையும் என்பதும், அதை ஈடுகட்டவே எஞ்சிய காலின் மேல் கூடுதல் துணி உறைகளை அணிவிக்கிறார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆனால் மூன்று உறைகள் அணிந்தும், எலும்பின் நுனியில் எலுமிச்சை விதை அளவுக்குச் சிவந்த தடம் விழுகிறது. கழற்றி அரை மணி நேரமாகியும் மறைவதில்லை. உணர்ச்சி குறைந்த தோல் என்பதால் அவருக்கு வலி தெரியாது. தினமும் பார்த்துச் சொல்வது நான்தான். அவரோ, வாசல்வரை தானே நடந்துபோய் நாளிதழ் எடுத்துவரும் உரிமையை விட்டுக்கொடுக்க மறுக்கிறார்.

தடம் மறையும்வரை செயற்கைக் காலை அணியாமல் இருக்கிறோம். அடுத்த வாரம் பொருத்துநரைச் சந்திக்கிறோம். இந்த நிலையில் உங்களுக்குச் சாக்கெட்டையே மாற்றினார்களா, உள்ளே மெத்தை வைத்துச் சரிசெய்தார்களா?

இன்னொன்று: இரவில் இல்லாத பாதம் எரிவதாகச் சொல்கிறார். நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரன் அறிமுகப்படுத்திய கண்ணாடிப் பயிற்சியை (நல்ல காலின் பிம்பத்தைக் கண்ணாடியில் பார்த்து, இல்லாத கால் அசைவதுபோல் உணரும் பயிற்சி) வீட்டில் செய்து பார்த்தவர்கள், எத்தனை நாளில் மாற்றம் தெரிந்தது என்று தயவுசெய்து எழுதுங்கள்.