வருஷத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள்? டீசலா பெட்ரோலா குழப்பம்

கூடுவாஞ்சேரிவாசி:

வீடு கூடுவாஞ்சேரி, வேலை சிறுசேரி சிப்காட்டில். ஜிஎஸ்டி ரோட்டில் வண்டலூர் வரை வந்து, பூங்கா பக்கம் திரும்பி, கண்டிகை, மாம்பாக்கம், புதுப்பாக்கம் தாண்டி, கேளம்பாக்கத்தில் ஓஎம்ஆரை (பழைய மகாபலிபுரம் சாலை) பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். காலை எட்டே காலுக்குக் கிளம்பினால் ஒண்ணேகால் மணி நேரம். ஆறரைக்கே கிளம்பினால் முக்கால் மணியில் போய்விடலாம், ஆனால் அங்கே செக்யூரிட்டி அண்ணனைத் தவிர யாரும் இருக்கமாட்டார்கள். நெல்லிக்குப்பம் ரோடு, திருப்போரூர் என்று சுற்றியும் பார்த்தாயிற்று. தூரம்தான் கூடியது. வெள்ளிக்கிழமை மாலை கதையே வேறு. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்ததிலிருந்து, ஊருக்குப் போகிற கூட்டம் முழுக்க என் வீட்டு வாசல் வழியாகத்தான் போகிறது.

வாரத்தில் மூன்று நாள்தான் ஆபீஸ். அதுவே வருஷத்துக்கு ஏறக்குறைய 9,000 கிலோமீட்டர் வந்துவிடுகிறது. பொங்கல், சித்திரைத் திருவிழா, தீபாவளி என்று மதுரைப் பக்கம் திருமங்கலம் போய்வருவது ஒரு 4,000. ஆக மொத்தம் 13,000.

பழைய பெட்ரோல் காரை மாற்றப் போகிறேன். மாமனார் "டீசல் எடுங்க மாப்பிள்ளை, மைலேஜ் பிச்சுக்கிட்டுப் போகும்" என்கிறார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெட்ரோல் லிட்டர் நூறைத் தாண்டி நிற்கிறது, டீசல் 92 சொச்சம். நம் நெரிசலில் பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 14 கிலோமீட்டர், டீசல் 18 கொடுக்கும் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய் மிச்சம். வருஷத்துக்கு 26,000. டீசல் வண்டிக்கு ஆரம்பத்திலேயே ஒண்ணேகால் லட்சம் கூடக் கேட்கிறார்கள். அதை மீட்கவே ஐந்து வருஷம் ஆகும்.

நீங்கள் எல்லாரும் எவ்வளவு ஓட்டுகிறீர்கள்? எத்தனை கிலோமீட்டரைத் தாண்டினால் டீசல் கட்டுப்படியாகும்?

டீசல்_பிரியன்:

வருஷம் 24,000. கோவையிலிருந்து திருப்பூர், ஈரோடு, சேலம் என்று விற்பனை வேலை. எனக்கு டீசல் கட்டுப்படியாகிறது. உங்களுக்கு ஆகாது. பணக் கணக்கை விடுங்கள், டிபிஎஃப் என்று ஒன்று இருக்கிறது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி அது. சேர்ந்த கரியை எரித்துத் தள்ள வண்டி கொஞ்ச நேரம் ஒரே சீராக, வேகமாக ஓடவேண்டும். நான் அவிநாசி ரோட்டைத் தாண்டி பைபாஸில் ஏறினால் அது தானாக நடந்துவிடும். முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் இடையிலேயே வாழ்கிற வண்டியில் பாதி எரியும்போதே நீங்கள் ஆபீஸ் வாசலில் எஞ்சினை அணைத்திருப்பீர்கள். அப்புறம் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. முற்றவிட்டால் சர்வீஸ் சென்டரில் பெரிய பில்.

டல்லாஸ்_தமிழன்:

இங்கே அமெரிக்காவில் ஓர் ஓட்டுநர் சராசரியாக வருஷம் 13,500 மைல், அதாவது கிட்டத்தட்ட 21,700 கிலோமீட்டர் ஓட்டுவதாக அரசின் நெடுஞ்சாலைத் துறை சொல்கிறது. என் கணக்கு அதற்கும் மேலே, 18,000 மைல். பால் பாக்கெட் வாங்கக்கூட வண்டி எடுக்கவேண்டிய ஊர். ஆனால் பெரும்பகுதி ஃப்ரீவே, சராசரி மணிக்கு 70 கிலோமீட்டர் விழும். வருஷத்தில் நான் ஸ்டியரிங் பிடிப்பது 400 மணி நேரத்துக்குச் சற்று மேல். சார், உங்கள் 13,000ஐ இப்படி மணிக்கணக்கில் போட்டுப் பாருங்களேன்.

மஞ்சபோர்டு:

நான் கால் டாக்ஸி ஓட்டுறேன் அண்ணா. வருஷம் அறுபதாயிரத்துக்குக் குறையாது. சிஎன்ஜி, அதாவது கேஸ்ல ஓடுற வண்டி. காசு மிச்சம்தான், ஆனா டிக்கியில பாதியை சிலிண்டர் எடுத்துக்கும், பங்க்ல வரிசையில நிக்கணும், மூணு வருஷத்துக்கு ஒருக்கா சிலிண்டரை அழுத்தச் சோதனைக்குக் கொடுக்கணும். ஊருக்கு மூட்டை முடிச்சோட போற உங்களுக்குச் சரிவராது.

மேலே சார் மணிக்கணக்குன்னு சொன்னாரே, அதுதான் சரி. ஓடோமீட்டரைப் பாத்து வண்டியை எடை போடாதீங்க. ஏர்போர்ட்டுல இருந்து பாண்டிச்சேரி ட்ரிப்பா அடிச்ச வண்டி லட்சத்தைத் தாண்டியும் கல்லு மாதிரி இருக்கும். தி.நகருக்குள்ளேயே உருண்ட வண்டியில நாப்பதாயிரத்துக்குள்ள கிளட்ச் பிளேட் போயிருக்கும். நின்னுக்கிட்டே எஞ்சின் ஓடுற நேரத்தை மீட்டர் காட்டாது. ஆயில் மட்டும் வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும். 10,000ல மாத்தணும்னு புத்தகத்துல போட்டிருந்தா நெரிசல்ல ஓட்டறவங்க 7,000, 8,000லயே மாத்திடுங்க.

ரயில்_சீசன்_பாஸ்:

நானும் கூடுவாஞ்சேரிதான். வேலை எழும்பூரில். மாத சீசன் டிக்கெட், செங்கல்பட்டு லோக்கல். கார் வருஷம் 3,000 ஓடினாலே அதிகம். கோயில், கல்யாணம், அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது, அவ்வளவுதான்.

குறைவாக ஓட்டினால் செலவே இல்லை என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். நிறுத்தியே வைத்தால் பேட்டரி இறங்கிவிடும். டயரில் பட்டன் நன்றாக இருக்கும், ஆனால் ரப்பர் வெயிலில் இறுகி ஓரமெல்லாம் வெடிப்பு விடும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், பாருங்கள். 2319 என்று இருந்தால் 2019இல் 23ஆவது வாரம் செய்தது. ஐந்தாறு வருஷம் ஆகிவிட்டால் ஒரு நல்ல டயர் கடையில் காட்டிவிடுவது உத்தமம். ஆயிலும் கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் வருஷத்துக்கு ஒருமுறை மாற்றித்தான் ஆகவேண்டும். ஓட்டும் தூரத்துக்கு ஏற்றபடி பிரீமியம் கட்டும் இன்சூரன்ஸை 2022இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ அனுமதித்தது. என்னைப்போல ஓட்டுகிறவர்கள் புதுப்பிக்கும்போது கேட்டுப் பாருங்கள்.

சிறுசேரிக்கு ரயில் இல்லையே, அதுதான் உங்கள் பிரச்சினை. உங்கள் கம்பெனி பஸ் ஊரப்பாக்கம் வழியாக வராதா?

கூடுவாஞ்சேரிவாசி:

கம்பெனி பஸ் வருகிறது அக்கா, தாம்பரம் வரைக்கும். அதைப் பிடிக்க நான் வண்டலூரையும் தாண்டிப் போகவேண்டும்.

டல்லாஸ் சார் சொன்னபடி கணக்குப் போட்டேன். என் வண்டியின் திரையிலேயே சராசரி வேகம் காட்டும், இத்தனை நாள் அதைக் கவனிக்கவில்லை: 24. ஆபீஸ் போய்வரும் 9,000ஐ அதனால் வகுத்தால் 375 மணி நேரம். திருமங்கலம் 4,000க்கு ஓர் அறுபது மணி. மொத்தம் 435. டெக்சாஸில் 29,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவரைவிட நான் அதிக நேரம் வண்டிக்குள் இருக்கிறேன்! மாமனாரிடம் இந்தக் கணக்கைக் காட்டினேன். "அப்போ சீட்டு நல்லா இருக்கிற வண்டியா பாருங்க" என்றார். அவர் சொன்னதிலேயே உருப்படியான யோசனை இதுதான்.

டீசல் வேண்டாம் என்று முடிவு. பெட்ரோல் ஆட்டோமேட்டிக், இல்லையென்றால் பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் இருக்கிற ஹைபிரிட். ஹைபிரிட்டில் நெரிசலில் ஊரும்போது பெரும்பாலும் மோட்டார் பார்த்துக்கொள்ளும், எஞ்சின் அணைந்திருக்கும். என் ரோட்டுக்கு அது பொருந்தும் என்று படுகிறது, விலைதான் உறுத்துகிறது. சனிக்கிழமை ஷோரூமில் டெஸ்ட் டிரைவுக்குக் கூப்பிட்டார்கள். சனிக்கிழமை வேண்டாம், திங்கள் காலை எட்டே காலுக்கு வண்டலூர் சிக்னலுக்கு வண்டியைக் கொண்டுவாருங்கள் என்றேன். மேனேஜரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று அந்தப் பையன் போனை வைத்துவிட்டான். ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் நெரிசலில் என்ன மைலேஜ் வருகிறது என்று சொல்லுங்கள்.