மெமரி கார்டு இல்லாத ராஸ்பெர்ரி பை: வலையமைப்பிலிருந்து லினக்ஸ் ஏற்றிய அனுபவங்கள்

லாசுப்பேட்டை, புதுச்சேரி

அனைவருக்கும் வணக்கம். பள்ளி மாணவர்களுக்காக நண்பர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் எங்கள் கணினி அறையில் ராஸ்பெர்ரி பை 3 பி என்ற சிறிய ஒற்றைப் பலகைக் கணினிகளை (போர்டுகளை) பயன்படுத்துகிறோம். அவை எல்லாமே இப்போது மெமரி கார்டு ஏதுமின்றி, அறையின் மூலையில் இருக்கும் ஒரே சர்வரிலிருந்து லினக்ஸை ஏற்றிக்கொண்டு இயங்குகின்றன. இந்த வேலையில் இறங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் இதைச் செய்து பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தையும் இங்கே சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கார்டுகளைக் கைவிட்டதற்கு மின்தடையே முதல் காரணம். கார்டில் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் மின்சாரம் நின்றால் கோப்பு முறைமை கெடுகிறது. மழைக்காலம் முழுவதும் கெட்ட கார்டுகளை எடுத்து மறுபடி எழுதுவதே எங்கள் வேலையாக இருந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பிறகு அறையைத் திறந்து ஒவ்வொன்றாக இயக்கிப் பார்த்தபோது, போர்டுகள் நன்றாகவே இருந்தன, கார்டுகள்தான் போயிருந்தன. அன்றே வலையமைப்பு வழியாக 'பூட்' செய்யும் (இயங்குதளத்தை ஏற்றித் தொடங்கும்) முறைக்கு மாறிவிடுவது என்று பேசி முடித்தோம்.

பை 3 பி போர்டில் இந்த வசதி விற்பனைக்கு வரும்போது அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். கான்ஃபிக் கோப்பில் 'புரோக்ராம் யூஎஸ்பி பூட் மோட்' என்ற வரியை 1 என்று சேர்த்து ஒரு முறை கார்டிலிருந்து பூட் செய்தால், சிப்பிற்குள் ஒரே ஒரு முறை மட்டும் எழுதக்கூடிய நினைவகத்தில் அது பதிந்துவிடும். பதிந்ததை அழிக்க முடியாது. ஆகவே வேலை முடிந்ததும் அந்த வரியைக் கார்டிலிருந்து நீக்கிவிட வேண்டும். இல்லையென்றால் அந்தக் கார்டைச் செருகும் வேறொருவரின் போர்டும் மாறிவிடும். அந்த நினைவகத்தின் 17ஆம் வரியைக் கேட்டுப் பார்த்து, 3020000ஏ என்று வந்தால் பதிவு சரி. 3 பி பிளஸ் போர்டுக்கு இந்தச் சடங்கு தேவையில்லை, அதில் வசதி முன்பே திறந்திருக்கிறது.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். கார்டு இல்லாத போர்டுக்கு மின்சாரம் கொடுத்தால் திரையில் எதுவுமே வராது. இணைப்பில் கோளாறு இருந்தாலும், சர்வரில் கோளாறு இருந்தாலும், போர்டே பழுதென்றாலும் ஒரே கருப்புத் திரைதான். எனவே போர்டைப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை; வலையமைப்பில் போகும் தரவைக் காட்டும் டிசிபி டம்ப் நிரலைச் சர்வரில் ஓடவிட்டு 67, 68, 69 ஆகிய போர்ட்டுகளில் (தரவு வாயில் எண்களில்) என்ன வருகிறது என்று கவனிக்க வேண்டும். மின்சாரம் கொடுத்துச் சுமார் 10 விநாடி கழித்து ஈதர்நெட் விளக்குகள் எரியும். உடனே பி8:27:இபி என்று தொடங்கும் முகவரியிலிருந்து ஒரு டிஎச்சிபி கோரிக்கை (தனக்கு ஐபி முகவரி கேட்பது) வரும். அந்த வரி வந்துவிட்டால் போர்டு, கேபிள், ஸ்விட்ச் மூன்றும் நலம் என்று பொருள். அடுத்து வருவது டிஎஃப்டிபி கோரிக்கை, அதாவது பூட் கோப்புகளைச் சர்வரிடம் கேட்பது. முதலில் பூட்கோட் கோப்பைக் கேட்கும். பிறகு போர்டின் வரிசை எண்ணின் கடைசி எட்டு இலக்கங்களைப் பெயராகக் கொண்ட கோப்புறையில் ஸ்டார்ட் கோப்பைத் தேடும், அங்கே இல்லையென்றால் பொதுக் கோப்புறைக்கு வரும். அதன் பின் கான்ஃபிக், கெர்னல் (இயங்குதளத்தின் கரு) என்று தொடரும். இடையில் 'கோப்பு இல்லை' என்று பதிவேட்டில் பல வரிகள் வரும். ரெகவரி போன்ற விருப்பக் கோப்புகள் இருக்கின்றனவா என்று போர்டு கேட்டுப் பார்ப்பதால் வருபவை அவை; அஞ்ச வேண்டியதில்லை. கடைசியாகக் கேட்ட கோப்பு எது என்பதே நாம் பார்க்க வேண்டியது. அங்கே நின்றிருந்தால், அதற்கடுத்த படியில்தான் சிக்கல் இருக்கிறது.

எங்கள் அறையில் சில போர்டுகள் ஏறின, சில ஏறவில்லை. கேபிளை மாற்றினாலும் அதே நிலை. டம்ப்பில் பார்த்தால், ஏறாத போர்டுகளின் கோரிக்கை சர்வருக்கே வந்து சேரவில்லை. அவை இணைக்கப்பட்டிருந்தது ஓர் அலுவலகத்திலிருந்து எங்களுக்குக் கிடைத்த பழைய மேனேஜ்டு ஸ்விட்ச்சில். அதில் ஸ்பேனிங் ட்ரீ (வலையமைப்பில் சுற்று உருவாகாமல் தடுக்கும் ஏற்பாடு) இயங்கிக்கொண்டிருந்தது. ஒரு போர்ட்டில் இணைப்பு உயிர்பெற்றதும், சுற்று ஏதும் உருவாகிவிடுமோ என்று அது கேட்கும் நிலையில் 15 விநாடியும், கற்கும் நிலையில் 15 விநாடியும் காத்திருந்த பிறகே தரவைக் கடத்தும். பை 3 பி போர்டின் ரோமில் (சிப்பிலேயே மாறாமல் பதிந்த நினைவகத்தில்) உள்ள நிரலுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. சில முறை கேட்டுவிட்டு அடங்கிவிடும். அந்தப் போர்ட்டுகளில் இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட்டை இயக்கியதும் எல்லாம் ஏறின. வாங்கும் நிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது, இந்த வேலைக்கு எந்த அமைப்பும் இல்லாத சாதாரண கிகாபிட் ஸ்விட்ச்சே போதும் என்பதுதான்.

அறையில் இணையத்துக்காக ஏற்கெனவே ஒரு ரவுட்டர் இருந்து, அதுவே ஐபி முகவரிகளை வழங்கிக்கொண்டிருந்தால், அதைத் தொட வேண்டாம். சர்வரில் டிஎன்எஸ்மாஸ்க்கை நிறுவி, ப்ராக்ஸி முறையில் டிஎச்சிபியை இயக்கினால், முகவரியை ரவுட்டர் தரும், பூட் செய்திகளை மட்டும் டிஎன்எஸ்மாஸ்க் தரும். 'ராஸ்பெர்ரி பை பூட்' என்ற சொற்கள் அந்தப் பதிலில் இருந்தால்தான் போர்டு அதை ஏற்கும். அந்த வரியை எழுத்துப் பிசகாமல் எழுத வேண்டும்.

கெர்னல் ஏறிய பிறகு ரூட் கோப்பு முறைமை (எல்லாக் கோப்புகளுக்கும் அடித்தளமானது) என்எஃப்எஸ் வழியாக, அதாவது சர்வரின் கோப்புகளை வலையமைப்பில் பகிரும் முறையில் வருகிறது. சிஎம்டிலைன் கோப்பில் ரூட் என்பது என்எஃப்எஸ் என்றும், சர்வரின் முகவரி, கோப்புறை ஆகியவற்றையும், ஐபியை டிஎச்சிபியிடம் பெறுமாறும் குறிப்பிட வேண்டும். சர்வரின் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் 'நோ ரூட் ஸ்குவாஷ்' (போர்டின் நிர்வாகப் பயனரின் உரிமையைச் சர்வர் குறைக்காதிருக்கும் அமைப்பு) இருப்பது கட்டாயம். ஒவ்வொரு போர்டின் எஃப்எஸ்டேப் கோப்பிலிருந்தும் கார்டின் பகுதிகளைக் குறிக்கும் வரிகளை எடுத்துவிட வேண்டும்; எடுக்காவிட்டால், இல்லாத கார்டுக்காக அமைப்பு காத்திருந்து நின்றுவிடும். ஸ்வாப் கோப்பையும் (நினைவகம் போதாதபோது பயன்படுவது) நீக்கிவிட்டு, தேவையென்றால் நினைவகத்துக்குள்ளேயே தரவைச் சுருக்கி வைக்கும் இசட்ராம் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு போர்டுக்கு உருவாக்கிய ரூட்டைப் பிறவற்றுக்கு நகலெடுக்கும்போது எஸ்எஸ்எச் சாவிகள், மெஷின் ஐடி, கணினியின் பெயர் ஆகியவற்றைப் புதிதாக்க வேண்டும். சிஸ்டம்டியின் நெட்வொர்க் சேவை தன் டிஎச்சிபி அடையாளத்தை மெஷின் ஐடியிலிருந்தே உருவாக்குவதால், அதை மாற்றாமல் விட்டால் இரண்டு போர்டுகள் ஒரே முகவரியைக் கேட்டு நிற்கும்.

இந்த அமைப்பில் என்னை மிகவும் கவர்ந்தது சர்வர் நிற்கும்போது நடப்பதுதான். யூபிஎஸ் பேட்டரி தீர்ந்து சர்வர் அணைந்து, போர்டுகளுக்கு மட்டும் மின்சாரம் தொடர்ந்த ஒரு மாலையில், எல்லாத் திரைகளும் அப்படியே உறைந்தன. கன்சோலில் 'சர்வர் பதில் தரவில்லை, இன்னும் முயல்கிறோம்' என்ற பொருளில் ஒரு வரி. சர்வரை மீண்டும் எழுப்பியதும் 'சர்வர் சரி' என்று இன்னொரு வரி வந்தது. மாணவர்கள் பாதியில் விட்டிருந்த நிரல்கள் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தன. என்எஃப்எஸ் 3ஆம் பதிப்பில் எந்தக் கணினி எந்தக் கோப்பைத் திறந்திருக்கிறது என்பதைச் சர்வர் நினைவில் வைப்பதில்லை. ஒவ்வொரு கோரிக்கையும் தன்னளவில் முழுமையானது. 1980களில் வட்டில்லாத பணிநிலையங்களுக்காகச் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தார் வகுத்த வழி இன்றும் இப்படிக் கைகொடுப்பதை மாணவர்களிடம் காட்டி விளக்க முடிந்தது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

முதுநகர், கடலூர்

லாசுப்பேட்டை நண்பரின் பதிவு மிகவும் பயனுள்ளது. துறைமுகத்துக்கு அருகே இருப்பதால் கடற்காற்றைப் பற்றி நான் சேர்க்க வேண்டியிருக்கிறது. மலிவான ஆர்ஜே45 கனெக்டர்களைக் கிரிம்ப் செய்து பயன்படுத்தினால், முள்களின் மேல் பச்சைக் களிம்பு பூத்துவிடுகிறது. பெரிய கண்ணாடி வைத்துப் பார்த்தால் எட்டு முள்களில் சில மங்கி, மற்றவை மட்டும் மினுங்குவது தெரியும். 100 மெகாபிட் இணைப்புக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு முள்களே போதும் என்பதால், அவை நன்றாக இருக்கும் வரை பை 3 பி ஓடிக்கொண்டே இருக்கும். அதே கேபிளைக் கிகாபிட் வேகமுள்ள சர்வரில் செருகினால் வேகம் விழுந்துவிடும். அத்தனை போர்டுகளும் ஒரே நேரத்தில் ரூட்டைப் படிக்கும் இடத்தில் சர்வரின் கேபிள்தான் நெரிசல் ஏற்படும் குறுகிய வழி. நல்ல முலாம் பூசிய, ஆலையிலேயே தயாரான கேபிளை அங்கே மட்டுமாவது போடுங்கள்.

நான் பயன்படுத்துவது பீகிள்போன் பிளாக் என்ற போர்டு, அதில் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம். இந்தப் போர்டில் யூபூட் என்ற ஏற்றி முதலில் ஓடுவதால் கருப்புத் திரைத் தொல்லை கிடையாது. ஆறு முள் சீரியல் இணைப்பில் 3.3 வோல்ட் யூஎஸ்பி கேபிளைச் செருகி, 115200 வேகத்தில் பார்த்தால் ஒவ்வொரு படியும் எழுத்தில் வரும். 5 வோல்ட் கேபிளை அதில் செருகவே கூடாது, சிப்பு போய்விடும். சர்வர் முகவரியைக் கொடுத்து, கோப்பை டிஎஃப்டிபியில் கேட்டுப் பெறுவதைக் கையால் ஒவ்வொரு கட்டளையாகத் தட்டிச் செய்து பார்த்துவிட்டு, எல்லாம் ஒழுங்காக வந்த பிறகுதான் அதைத் தானியங்கி வரியாகச் சேமிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஃப்ரீபிஎஸ்டியில் எனக்குப் பிடித்தது, எல்லாப் போர்டுகளுக்கும் ஒரே ரூட்டைப் படிக்க மட்டும் என்று தந்துவிடலாம் என்பது. பூட் ஆகும்போது இனிட் டிஸ்க்லெஸ் நிரல், கான்ஃப் கோப்புறையின் பேஸ், டிஃபால்ட் பகுதிகளிலிருந்து இடிசி என்ற அமைப்புக் கோப்புறையை நினைவகத்தில் கட்டிக்கொள்கிறது. ஐபி முகவரியின் பெயரில் ஒரு கோப்புறை வைத்தால் அந்தப் போர்டுக்கு மட்டுமான அமைப்புகளை அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். மென்பொருளைப் புதுப்பிப்பது ஒரே இடத்தில் முடிகிறது. ஒவ்வொரு போர்டுக்கும் தனித்தனி நகல் வைத்துப் பராமரிப்பதைவிட இது மேல் என்பேன்.

வில்லியனூர்

பை 4 வைத்திருப்பவர்களுக்காக ஒரு சிறு குறிப்பு. இதில் பூட் நிரல் போர்டிலுள்ள ஈஈப்ராம் (மீண்டும் எழுதக்கூடிய நிலை நினைவகம்) சிப்பிலேயே இருக்கிறது. பூட்கோட் கோப்பைச் சர்வரிடம் கேட்காது, நேராக ஸ்டார்ட்4 கோப்பைத்தான் கேட்கும். பூட் வரிசையை ஓர் எண்ணாகக் கொடுக்க வேண்டும். அந்த எண்ணை வலமிருந்து இடமாகப் படிக்கும்: 1 என்றால் கார்டு, 2 என்றால் வலையமைப்பு, எஃப் என்றால் முதலிலிருந்து மறுபடி. கோப்புறைக்கு வரிசை எண்ணுக்குப் பதிலாக ஈதர்நெட் முகவரியையே பெயராக வைக்கவும் அமைப்பு உண்டு. எச்டிஎம்ஐ திரையை இணைத்தால் எந்தப் படியில் நிற்கிறது என்பதையும் அதுவே காட்டும்.

லாசுப்பேட்டை ஐயாவிடம் ஒரு கேள்வி. இந்தப் போர்டுகளில் கடிகார பேட்டரி இல்லையே, கார்டும் இல்லாதபோது நேரத்துக்கு என்ன செய்கிறீர்கள்? என்னிடம் பூட் ஆனதும் இணையதளங்களின் சான்றிதழ் செல்லாது என்று உலாவி மறுக்கிறது.

லாசுப்பேட்டை, புதுச்சேரி

வில்லியனூர் நண்பருக்கு: ரூட் எழுதக்கூடியதாக இருந்தால், ஃபேக் எச்டபிள்யூ கிளாக் தொகுப்பு கடைசி நேரத்தை ஒரு கோப்பில் சேமித்து அடுத்த முறை பூட் ஆகும்போது அதிலிருந்து தொடங்கும். அது சரியான நேரமாக இருக்காது, ஆனால் சில ஆண்டுகள் பின்னால் போய்விடாது. உங்கள் ரூட் படிக்க மட்டும் என்றால் அந்தக் கோப்பு பழையதாகவே இருக்கும், அதனால்தான் உலாவி மறுக்கிறது என்று நினைக்கிறேன். நாங்கள் சர்வரிலேயே குரோனி என்ற நேர சேவையை ஓடவிட்டு, போர்டுகள் எல்லாம் அதனிடமே நேரம் கேட்குமாறு வைத்திருக்கிறோம். இணையம் இல்லாத நாளிலும் எல்லாத் திரையிலும் ஒரே நேரம் இருக்கும். சர்வரின் தாய்ப்பலகையில் உள்ள நாணய வடிவ பேட்டரியை மட்டும் அவ்வப்போது சோதித்துக்கொள்ளுங்கள்.

கடலூர் நண்பர் சொன்ன பொது ரூட் முறையை லினக்ஸில் ஓவர்லே (ஒரு கோப்பு முறைமையின் மேல் இன்னொன்றை அடுக்கும் முறை) கொண்டு செய்யலாம். என்எஃப்எஸ்ஸைக் கீழடுக்காகப் படிக்க மட்டும் வைத்து, மேலடுக்கை நினைவகத்தில் டிஎம்பிஎஃப்எஸ் ஆக வைக்க வேண்டும்; மேலடுக்கை என்எஃப்எஸ்ஸில் வைத்தால் ஓவர்லே ஏற்காது. மாணவர்களின் வீட்டுக் கோப்புறைகளைத் தனி எக்ஸ்போர்ட்டாக எழுதத் தந்துவிடுகிறோம். பை 3 பியில் நினைவகம் 1 ஜிபிதான் என்பதால் மேலடுக்கின் அளவுக்கு வரம்பு வைப்பது அவசியம். வரம்பில்லாமல் விட்டால் உலாவியின் கேஷே அதை நிரப்பிவிடும். கேஷை வேறிடத்துக்கு மாற்றும் அமைப்பை அடுத்த வாரம் சோதிக்க இருக்கிறோம், முடிந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.