டிப்பர், லொறி அடிச்சு நட்டஈட்டுக்கு அலைஞ்சவங்க உங்களுக்கு நடந்ததச் சொல்லுங்க

செங்கலடியான்:

தம்பிக்கு அடிபட்டு இப்ப 22 மாசம். பதுளை ரோட்டில கரடியனாறு பக்கமிருந்து மண் ஏத்திட்டு வந்த டிப்பர், அவன் மேசன் வேலை முடிஞ்சு பைக்கில வந்தவன். எப்பிடி நடந்த என்டு திரும்ப எழுத ஏலாது, அந்த ரோட்டால போறவங்களுக்கு டிப்பர் என்ன மாதிரி வரும் என்டு தெரியும்தானே. வலது கை முறிவு, வலது தொடை எலும்பு மூண்டா உடைஞ்சு கம்பி வச்சிருக்கு.

என்ன அரிக்கிறது அது இல்ல. அஞ்சாம் நாள் வாட்டுக்கு டிப்பர் ஓனரும் இன்னும் ரெண்டு பேரும் வந்தாங்க, அப்பிள் பேக், மோல்ட் டின் எல்லாம் கொண்டு வந்தாங்க, நல்லாத்தான் கதைச்சாங்க. கோடு கச்சேரி என்டு போனா உங்களுக்கும் அலைச்சல் எங்களுக்கும் அலைச்சல், அவன் எழும்பும் வரைக்கும் இத வச்சிக்கொள்ளுங்க என்டு என்வலப்பில 60,000 தந்தாங்க. கூடவே ஒரு பேப்பர், முழுக்க சிங்களத்தில டைப் பண்ணின. தம்பிக்கு வலது கையில பிளாஸ்டர், கையெழுத்துப் போட ஏலாது. உடனே வந்தவன்ல ஒருத்தன் சேட் பொக்கட்டுக்குள்ள இருந்து சின்ன மைப்பெட்டி ஒண்ட எடுத்தான். வாட்டில கேட்டு வாங்கல்ல, வரேக்குள்ளயே கொண்டு வந்திருக்கான். கை முறிஞ்சது தெரிஞ்சுதான் வந்திருக்கான் என்டு எனக்கு அப்ப விளங்கல்ல, ஒரு வருசம் கழிச்சு ராவு படுக்கேக்கதான் விளங்கினது.

தம்பியிட இடது பெருவிரல அவன் பிடிச்சு மையில தேய்க்க தம்பி என்ட முகத்தப் பார்த்தான். நான்தான் “வைடா” என்ட.

இப்ப இன்னொரு ஒப்பரேசன் செய்யணும் என்டுறாங்க. அவன் மேசன் கரண்டி பிடிச்சு ரெண்டு வருசம் ஆகப் போகுது. ஓனருக்கு கோல் எடுத்தா எல்லாம் எழுதி முடிஞ்ச விசயம்தானே என்டுறான்.

நிந்தவூர் உம்மா:

தம்பி, “வைடா” என்டு சொன்னதுக்காக உங்கள நீங்களே கொல்லாதீங்க. வாட்டுல அஞ்சு நாள் நித்திர இல்லாம நிண்ட ஆளுக்கு அந்த நேரம் என்ன விளங்கும்.

என்ட மகன் 2016ல மௌத்தாகினவன். பத்து வயசு. ஓதிட்டு வரேக்க மெயின் ரோட்டுல மீன் லொறி. பொலிஸ் போட்ட கேஸ் ஒரு பக்கம் நடந்த, நட்டஈட்டுக்கு வேற வழக்குப் போடணும் என்டு சொல்லி இவர் என்னயும் கூட்டிக்கு ஒரு லோயர்ட்ட போன. அவர் கெட்ட மனுசன் இல்ல, டீ எல்லாம் எடுத்துத் தந்தார். பிறகு கேட்டார், “மகன் ஏதும் உழைச்சாரா?” நான் சொன்ன ஸ்கூல் போற புள்ள என்டு. அவர் கொஞ்ச நேரம் பேசாம இருந்திட்டு சொன்னார், உழைக்கிற ஆள் மௌத்தானா அந்த உழைப்ப நம்பி இருந்தவங்களுக்கு கேக்கலாம், புள்ள இல்லாமப் போன துக்கத்துக்கு நம்மட சட்டத்தில கேக்க இடமில்ல என்டு. நான் அந்த டீயப் பார்த்துக்கே இருந்த. ஆறி மேல ஆட படிஞ்சிட்டு. இண்டைக்கும் பால் டீயில ஆடையக் கண்டா என்னால குடிக்க ஏலா.

காசுக்குப் போகல்ல தம்பி. அவன்ட பேர எழுதி, இது பிழை, இதுக்கு ஒருத்தர் பொறுப்பு என்டு ஒரு கடதாசி வரணும் என்டுதான் போன. 2019ல இதுக்கென்டே புதுசா சட்டம் வந்திருக்கு, இப்ப தாய் தகப்பன், கூடப்பொறந்தவங்க எல்லாரும் அன்பு இல்லாமப் போனதுக்கும் கேக்கலாம் என்டு பிறகு கேள்விப்பட்டன். என்ட மகன் அதுக்கு மூணு வருசம் முந்திப் போயிட்டான்.

வாழைச்சேனை பெடியன்:

ராத்தா நீங்க எழுதினத வாசிச்சு நெஞ்சு அடைச்சுப் போச்சு. ஆனா முதல் ஆளுக்கு ஒண்டு சொல்லோணும், காச வாங்கினது பெரிய பிழை. சிங்களம் தெரியாட்டி வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தனக் கூப்பிட்டிருக்கலாம்தானே. நாங்க இப்பிடி இருக்கிறதாலதான் அவனுகள் மைப்பெட்டியோட வாறானுகள்.

கல்முனை பாரவண்டி:

நான் 17 வருசமா லொறி ஓடுறன். இஞ்ச எல்லாரும் டிரைவர்மார ஒரே தட்டில போடுறீங்க. உம்மாட கதைக்கு என்னட்ட பதில் இல்ல, அல்லாஹ் அவங்களுக்குப் பொறுமையக் குடுக்கட்டும். மத்த ஆக்களுக்குச் சொல்றன். மாரி நெல்லு வெட்டுற காலம் அக்கரைப்பத்து ரோட்டில பாதியில நெல்லுக் காயுது, கரையில கல்லு வச்சிருக்கு, பொழுதுபட்ட பிறகு லைட் இல்லாத சைக்கிள் எதிர்ல வருது. அப்பிடி ஒரு நாள் ஒரு வயசாளிய நான் தட்டிட்டன். நான் ஓடல்ல. இறங்கிப் போய் அவர்ட தலைய மடியில வச்சுக்கு 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு கோல் எடுத்தன். அம்புலன்ஸ் வரும் வரைக்கும் அவர் சொன்னது ஒண்டே ஒண்டு, “மனே, சைக்கிளப் பார்த்துக்க.” சனம் கூடி கண்ணாடிய உடைச்சாங்க, எனக்கு அடியும் விழுந்த. அவர் தப்பிட்டார், பெருநாளைக்குப் போய்ப் பார்க்கிறனான்.

என்ட முதலாளி என்ன செஞ்சார் தெரியுமா, நீதானே ஓடின என்டு சொல்லி அந்த வயசாளிக்குக் குடுத்த காச என்ட சம்பளத்தில எட்டு மாசம் வெட்டினார். எங்களுக்கு ட்ரிப் கணக்குக்குத்தான் காசு. மெதுவா ஓடினா வீட்டுக்குக் கொண்டு போக ஒண்டும் மிஞ்சாது. நட்டஈடு கேக்கிறவங்க டிரைவர விட்டிட்டு ட்ரிப் கணக்குப் போடுறவனப் பிடிங்க.

பழைய கிளாக்:

நான் மட்டக்களப்பு கோட்டில ஒரு சட்டத்தரணிக்குக் கீழ கன வருசம் கிளாக்கா இருந்தவன். என்ட சொந்த அனுபவம் சின்னது. மச்சான்ட காலில பவுசர், தாங்கி லொறி, ஏறினது, வழக்கு நாலு வருசம் இழுபட்டு ஏதோ ஒரு தொகைக்கு இணங்கி முடிஞ்ச. ஆனா செங்கலடித் தம்பி எழுதின 22 மாசம் என்டதப் பார்த்திட்டு சும்மா இருக்க ஏலாமக் கிடக்கு.

தம்பி, நல்லாக் கேளும். விபத்து நடந்த நாளில இருந்து 2 வருசத்துக்குள்ள மாவட்ட நீதிமன்றத்தில வழக்குத் தாக்கல் செய்யோணும். பொலிஸ் போட்ட கேஸ் நடந்துகொண்டுதானே இருக்கு என்டு காத்துக்கொண்டிருந்து இத விட்ட ஆக்கள நான் கண்ணால கண்டிருக்கிறன். ஒரு தாய், ரெண்டு வருசம் தாண்டி 11ஆம் நாள் பைலக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தா, எங்கட லோயர் ஐயா பைலத் திறக்கவே இல்ல, திகதிய மட்டும் பார்த்திட்டு மூடினார். உமக்கு ரெண்டு மாசம் கிடக்கு.

அந்தச் சிங்களப் பேப்பரில என்ன எழுதிக் கிடக்கு என்டு முதல்ல மொழிபெயர்த்து எடும். முழுசும் தீர்ந்தது என்டு இருக்கா, இல்ல உதவிக் காசு வாங்கினது என்டு மட்டும் இருக்கா, ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். தெரியாத பாசையில, வாசிச்சுக் காட்டாம, வாட்டில கட்டிலில கிடந்தவன்ட கைய எடுத்து வச்ச பெருவிரல் என்டத உம்மட லோயர்ட்ட ஒண்டும் விடாமச் சொல்லும். மைப்பெட்டிக் கதையையும் சொல்லும்.

பொலிஸ் என்ட்ரி, நீதவான் நீதிமன்றக் கேஸிட சான்றுப்படுத்தின கொப்பி, சட்ட வைத்திய அதிகாரியிட அறிக்கை, ஆஸ்பத்திரியில தந்த டயக்னோசிஸ் டிக்கெட், கிளினிக் கொப்பி எல்லாம் சேர்த்து வையும். ரெண்டாவது ஒப்பரேசன் தேவை என்டத டொக்டர்ட்ட எழுத்தில கேளும். மேசனுக்குச் சம்பளச் சீட்டு இல்ல, அதால அவர வேலைக்குக் கூப்பிட்ட ரெண்டு மூண்டு வீட்டுக்காரர், மேசன் பாஸ், கிராம சேவகர், இவங்கட கடிதம் வேணும். டிரைவரையும் ஓனரையும் சேர்த்துப் போடோணும். கல்முனைத் தம்பி சொன்னது சரிதான், வேலையா வண்டி ஓடேக்க நடந்ததுக்கு முதலாளியும் பொறுப்பு. வாகனப் பதிவுப் புத்தகத்தில ஒருத்தன்ட பேர், வண்டிய வச்சு ஓட்டுறது வேறொருத்தன் என்டு கிடக்கும், அதையும் பாரும். டிப்பரிட இன்சூரன்ஸ் எந்தக் கொம்பனி என்டு பொலிஸ் பைலில இருந்து எடும், வழக்குப் போட முந்தியோ போட்டு 7 நாளுக்குள்ளயோ அந்தக் கொம்பனிக்கு எழுத்தில அறிவிக்கோணும். இத விட்டா பிறகு தீர்ப்பு கையில இருக்கும், காசு தர ஆள் இருக்காது.

ஹெல்மட் போடல்ல, வேகமா வந்தான் என்டெல்லாம் அவங்க சொல்லுவாங்க. 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி உம்மட பக்கம் பிழை இருந்தா தொகை குறையும், வழக்கு விழாது. அதுக்குப் பயப்பட வேணாம். லோயருக்குக் குடுக்கக் காசு இல்லாட்டி சட்ட உதவி ஆணைக்குழு மட்டக்களப்பிலயும் இருக்கு, வருமானம் குறைஞ்ச ஆக்களுக்குத்தான் அது.

வாழைச்சேனைத் தம்பி, வாட்டில நிண்டவனுக்குப் படிப்பிக்க வராதேயும். எல்லாம் முடிஞ்ச பிறகு எல்லாருக்கும் சிங்களம் வாசிக்கத் தெரியும்.

வாழைச்சேனை பெடியன்:

ஐயா நான் குத்திக் காட்ட எழுதல்ல. எங்கட மாமாவும் இப்பிடித்தான் பெருவிரல் வச்சவர். அந்தக் கோவம். அண்ணே மன்னிச்சிக்கங்க.

சம்மாந்துறை மகள்:

எங்கட வாப்பா அரிசி மில்லுக்கு வேலைக்குப் போகக்க கெண்டர் லொறி அடிச்ச. மில் முதலாளி ரோட்டில நடந்ததுக்கு நான் என்ன செய்ய என்டு கேட்டார். 2022ல வேலையாள் நட்டஈட்டுச் சட்டத்தத் திருத்தி வேலைக்குப் போற வார வழியில நடக்கிற விபத்தையும் சேர்த்திருக்கு என்டு தொழில் அலுவலகத்தில ஒரு மிஸ்தான் சொன்னா. அது வரைக்கும் எங்களுக்கு அத யாரும் சொல்லல்ல. வாப்பாட சாப்பாட்டுப் பெட்டி மட்டும் நசுங்காம இருந்த, சோறு சூடு ஆறல்ல.

செங்கலடியான்:

எல்லாருக்கும் பதில் எழுத ஏலாமக் கிடக்கு. வாழைச்சேனைத் தம்பி, எனக்குக் கோவம் இல்ல, நீ எழுதினத நான் 22 மாசமா எனக்கே சொல்லிட்டிருக்கிறன். பாரவண்டி அண்ணன், எங்கட டிப்பர் டிரைவர் ஒரு சின்னப் பெடியன், கோட்டில கண்டா தலையக் குனிஞ்சிட்டுப் போறான், நீங்க எழுதினதுக்குப் பிறகு அவன நினைக்கிறன்.

கிளாக் ஐயா, பேப்பரிட கொப்பி எங்கட்ட இல்ல, அவங்க தரல்ல. ஆனா அண்டைக்கு வாட்டில கடைசிக் கட்டிலில இருந்தவர் எல்லாத்தையும் பார்த்துக்கொண்டிருந்தவர், சித்தாண்டி ஆள், மனிசியிட நம்பர் என்ட போனில இன்னும் கிடக்கு. இப்பதான் எடுத்துக் கதைச்சன். மைப்பெட்டி அவருக்கும் ஞாபகம் இருக்கு. வந்து சொல்லுவன் என்டுட்டார்.

நாளைக்குக் காலமை சட்ட உதவிக்குப் போறம். தம்பியயும் கூட்டிட்டுத்தான் போகோணும், அவனுக்குக் கால் மடங்காது, பஸ்ஸில முன் சீட் கிடைச்சா நீட்டிட்டு இருப்பான். ஆறு மணி பஸ்ஸுக்கு நிண்டா சனம் குறைவா இருக்கும்.