மும்பை டு திருநெல்வேலி, பைக்கில், ஆடி மாதத்தில்

ஆடிக் கொடைக்கு, அதாவது ஊர்க் கோயில் திருவிழாவுக்கு, ஊருக்குப் போக ரயில் டிக்கெட் கிடைக்காமல் தாராவிக்காரர்கள் படும் பாடு இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். பேசாமல் பைக்கிலேயே போய்விடலாம் என்று ஆரம்பித்தவன் என் சித்தப்பா பையன். நானும் சரி என்றுவிட்டேன். சுமார் 1,600 கிலோமீட்டர், இரண்டு பேருக்கு ஒரே வண்டி, 350 சிசி, ஸ்போக் வீல், டியூப் டயர். நீண்ட தூரம் பைக் ஓட்டிய கதை என்றாலே ஆளாளுக்கு லடாக் போய்விடுகிறார்கள், நம்ம ரூட்டையும் யாராவது எழுத வேண்டாமா?

புதிதாகக் கிளம்புகிறவர்களுக்கு முதலில் ஒன்று. மும்பை-புனே எக்ஸ்பிரஸ்வேயில் டூவீலருக்கு அனுமதி கிடையாது. பன்வேல் தாண்டிப் பழைய ஹைவேயைப் பிடித்து, கோபோலி வழியாகக் கண்டாலா காட் (இந்தப் பக்கம் மலைப்பாதையைக் காட் என்பார்கள்) ஏற வேண்டும். மழைக்காலத்தில் அங்கே மேகம் ரோட்டிலேயே இறங்கிக் கிடக்கும், முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கை நம்பித்தான் வண்டி ஓட்ட வேண்டும். ஏற்றத்தில் ஷிங்ரோபா கோயில் வரும். வெள்ளைக்காரனுக்கு இந்த மலையில் பாதை காட்டிய இடையன்தான் சாமியாக நிற்கிறான் என்று கதை சொல்கிறார்கள். டிரைவர்கள் ஓடுகிற வண்டியிலிருந்தே காசை வீசிவிட்டுப் போவார்கள். சித்தப்பா பையன் மட்டும் கொட்டுகிற மழையில் இறங்கியே தீருவேன் என்றான். "ஏலே, எல்லைச்சாமிய கண்டுக்காம போனா வெளங்குமா?" என்று கேட்டவனுக்கு என்ன பதில் சொல்ல? இறங்கிக் கும்பிட்டுவிட்டுத்தான் போனோம்.

இந்த மலைப்பாதையைப் பற்றி வீட்டில் எல்லோரும் பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள், ஆனால் அது ஒன்றும் செய்யவில்லை. மெதுவாகப் போனால் போய்விடலாம். சதாரா பக்கம் கம்பட்கி மலைப்பாதையும் அப்படித்தான். கோலாப்பூரை நெருங்கும்போதுதான் வயிற்றைக் கலக்கியது. டீக்கடையில் ஒருவர், பஞ்சகங்கா ஆறு ஏறிக்கொண்டிருக்கிறது, தங்கலாம் என்று நினைக்காதீர்கள், இப்போதே தாண்டிவிடுங்கள் என்றார். அவர் சும்மா சொல்லவில்லை. 2019 ஆகஸ்டிலும் 2021 ஜூலையிலும் அந்த ஆறு ஷிரோலி பக்கம் ஹைவே மேலேயே ஏறி, பெங்களூரு ரோடு நாள்கணக்கில் மூடிக் கிடந்தது, ஆயிரக்கணக்கில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினோம். பாலத்தில் போகும்போது கீழே பார்த்தேன், கரை எது வயல் எது என்று தெரியவில்லை, ஒரே செம்மண் தண்ணீர். நிப்பாணி வந்த பிறகுதான் இருவருக்கும் பேச்சே வந்தது.

பெலகாவி, தார்வாட் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஹூப்ளி-தார்வாட் பைபாஸில் மட்டும் ஜாக்கிரதை. அத்தனை அகலமாக வந்த ஹைவே அங்கே சுமார் 30 கிலோமீட்டருக்கு இரண்டே வழியாகச் சுருங்கியிருந்தது, நடுவில் டிவைடர் கிடையாது, எதிரே வருகிற பஸ் முந்திக்கொண்டு நம் மூஞ்சிக்கே வரும். நாங்கள் போனபோது அகலப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது, அது முடிந்திருக்காவிட்டால் இருட்டில் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

ஹாவேரி தாண்டி, நல்ல இருட்டில், பின்சக்கரம் ஆட ஆரம்பித்தது. பஞ்சர். டியூப் டயரில் காற்று போன பிறகு கொஞ்ச தூரம் உருண்டாலும் டயர் ரிம்மின் மேல் நழுவும், நழுவும்போது டியூபையும் இழுத்துக்கொண்டு போகும், வால்வு அடியோடு கிழிந்துவிடும். எங்களுக்கும் அதுவேதான், பேட்ச் போட்டுப் பிரயோஜனம் இல்லை. கையில் இருந்தது முன் டயருக்கான டியூப். எப்போதும் அதைத்தான் எடுத்துப்போவேன், ஏனென்றால் ஒல்லியான 19 இன்ச் டியூப் 18 இன்ச் பின் டயருக்குள் அவசரத்துக்கு அடங்கிவிடும், பின் டயரின் தடித்த டியூப் முன்னால் நுழையவே நுழையாது. லாரிகள் ஒதுங்குகிற இடம் வரை தள்ளிக்கொண்டு போய், சக்கரத்தைக் கழற்றி, செல்போன் வெளிச்சத்தில் லீவர் போட்டு, பவுடர் தூவிப் புது டியூபை மடிப்பு விழாமல் உள்ளே தள்ளி, கடைசி ஒரு சாண் டயர் மட்டும் உள்ளே போக மாட்டேன் என்று அடம்பிடிக்க, அவன் காலால் மிதிக்க நான் லீவரால் நெம்ப, ஒருவழியாக உட்கார்ந்தது. பம்பை எடுத்து நாலு அடி அடித்ததும் அதன் ஹோஸ் வாயைப் பிளந்துவிட்டது.

இருவரும் ரோட்டோரமாக உட்கார்ந்து ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல்: "ஏனுங் தம்பி, காத்து வேணுமுங்களா?" டிஎன் 28, நாமக்கல் வண்டி! நாங்கள் திட்டிக்கொண்ட தமிழைக் கேட்டுத்தான் இறங்கி வந்திருக்கிறார். லாரி பிரேக்கே காற்றில்தான் வேலை செய்கிறது, அதற்கென்று அடியில் டேங்க் இருக்கிறது. அதில் ஒரு நீள ஹோஸை மாட்டிக் கொண்டுவந்து எங்கள் வால்வில் வைத்தார், ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, டயர் டப் டப்பென்று ரிம்மில் போய் உட்கார்ந்தது. அளவு பார்க்க மீட்டர் ஏது, சுத்தியல் கைப்பிடியால் தட்டி, சத்தத்தைக் கேட்டு, "போதுமுங்க" என்றார். காசு கொடுக்கப் போனபோது முறைத்தார். அப்புறம் லாரிக்குப் பக்கத்தில் ஸ்டவ்வில் வைத்திருந்த ரசத்தையும் சோற்றையும் அலுமினியத் தட்டில் போட்டுக் கொடுத்தார். மிளகு அதிகம். அந்தக் குளிருக்கு அதுதான் வேண்டியிருந்தது.

அடுத்த பகல் மழை இல்லை, அதற்குப் பதில் காற்று. சித்ரதுர்கா மலை மேல் காற்றாலைகள் சும்மாவா நிற்கின்றன? வலதுபக்கமிருந்து அடிக்கிற காற்றில் வண்டியைச் சாய்த்துப் பிடித்தால்தான் நேராகவே போகும். வலதுபக்க லேனில் போகிற ஒரு கன்டெய்னரைத் தாண்டும்போது காற்று சட்டென்று நிற்கும், லாரியின் மூக்கைத் தாண்டினதும் மறுபடி அறையும், அந்த ஒரு நொடியில் வண்டி பக்கத்து லேனுக்குள் போய்விடுகிறது. மணிக்கு 60-க்கு மேல் போகவே இல்லை. தோள்பட்டை இரண்டும் அம்மிக்கல் ஆகிவிட்டது. பெங்களூருவை ராத்திரியில் தொட்டதால் ஊரைச் சுற்றிப் போகிற நைஸ் ரோட்டிலும் போக முடியவில்லை, ராத்திரி 10-லிருந்து காலை 5 வரை டூவீலரை விட மாட்டார்கள். ஊருக்குள் புகுந்து ஓசூர் ரோட்டைப் பிடித்தோம்.

தொப்பூர் இறக்கத்தில் லாரிகளுக்கு முன்னால் போகாதீர்கள், பின்னால் போங்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

விருதுநகர் தாண்டி ஒரு செக்கிங். எம்.எச். நம்பரைப் பார்த்ததும் ஏட்டையா ஹிந்தியில் ஆரம்பித்தார், "காகஸ், காகஸ்" என்று கையை நீட்டினார். இவன், "அண்ணாச்சி, நமக்குப் பாளையங்கோட்டைப் பக்கம்" என்றான். அவர் லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பின்ன என்னத்துக்குடே பம்பாய்லேர்ந்து இதுல வாறிய, ரயிலு ஓடலியா?" என்றார். ஓடுகிறது, இடம்தான் இல்லை என்றோம். சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

கொடைக்கு நேரத்துக்குப் போய்விட்டோம். திரும்பும்போது வண்டியை ரயில் பார்சலில் போட்டுவிட்டு, எங்களுக்கு பஸ்ஸில் சீட் பிடித்தோம். பார்சலில் போடுகிறவர்கள் ஆர்சி நகலும் அடையாள அட்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், டேங்கில் ஒரு சொட்டுப் பெட்ரோல் இருந்தாலும் வாங்க மாட்டார்கள். எங்களுடையதை ஸ்டேஷன் வாசலில் நின்ற ஆட்டோக்காரர் ஒருவருக்கு ஊற்றிக் கொடுத்தோம்.