‘பத்து மரம்’, ‘பத்து மரங்கள்’: பொருள் வேறுபடுமா?

கேள்வி:
‘புயலில் பத்து மரம் விழுந்தது’ என்றிருந்ததைப் ‘பத்து மரங்கள் விழுந்தன’ என்று திருத்தினேன். இலக்கணம் சரியானாலும் தொனி மாறிவிட்டதாக உணர்கிறேன். பொருளிலும் வேறுபாடு உண்டா?

மறுமொழி 1:
உண்டு என்பதே என் கருத்து. அஃறிணைப் பெயர் ‘கள்’ இல்லாமலேயே பன்மையையும் குறிக்கும் என்பதால்தான் நன்னூல் அதைப் பால்பகா அஃறிணைப் பெயர், அதாவது ஒருமை, பன்மை என்ற பால் பிரித்துக் காட்டாத பெயர் என்கிறது. எண்ணுக்குப் பின் ‘மரம்’ என்னும்போது மொத்தத் தொகையும், ‘மரங்கள்’ என்னும்போது தனித்தனி மரங்களும் மனத்தில் எழுகின்றன. ஆயினும் ‘பத்து மரம் விழுந்தன’ என்பதே மரபு, ஏனெனில் அங்கே பால் காட்டுவது வினைமுற்றுதான்.

மறுமொழி 2:
எண் இல்லாதபோது வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. ‘யானை இலை தின்னும்’ என்றால் இனம் முழுவதும். ‘யானைகள் வந்தன’ என்றால் கண்ணெதிரே நிற்பவை.

கேட்டவர்:
மிக்க நன்றி. ‘விழுந்தன’ இருக்கட்டும், ‘கள்’ விகுதியை நீக்கிவிடுகிறேன்.