போட்டோ எங்கே?

(குடும்பக் குழு, சனிக்கிழமை இரவு)

பெரிய அத்தை: பிரைஸ் தி லார்ட். சின்னவள் பத்திரமாக வந்து சேர்ந்தாள் என்று அண்ணி சொன்னார்கள். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் 🙏 பத்து நாள் ஊழியம் எப்படி இருந்தது கண்ணு? ஒரு போட்டோகூட வரவில்லையே!

மாமா: அதுதானே. காணிக்கை கொடுத்தவர்கள் காத்திருக்கிறோம் மருமகளே 😄

நான்: வந்துவிட்டேன் அத்தை. போட்டோ எடுக்கவில்லை.

பெரிய அத்தை: ஒன்றுகூடவா?

நான்: கிளம்பும்போது வண்டி பக்கத்தில் எல்லோரும் நின்று எடுத்தது இருக்கிறது, அனுப்புகிறேன். அங்கே இருந்தவர்களை எடுக்கவில்லை. முதல் நாள் எங்களில் ஒருவர் போனைத் தூக்கினார். கட்டிலில் இருந்த ஐயா ஒன்றும் சொல்லவில்லை, போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். அதோடு என் போன் பைக்குள் போய்விட்டது.

பெரிய அத்தை: அதுவும் சரிதான். வலதுகை செய்வது இடதுகைக்குத் தெரிய வேண்டாம்.

மாமா: சரி, போட்டோ வேண்டாம். சாட்சியாவது சொல்லு. எத்தனை பேருக்குச் சுவிசேஷம் சொன்னீர்கள்?

நான்: ஒருவருக்கும் இல்லை மாமா.

அண்ணன்: 😳

நான்: தொழுநோய் வந்து குணமானவர்கள் இருக்கும் இல்லம் அது. முக்கால்வாசிப் பேருக்கு என்னைவிட வேதம் நன்றாகத் தெரியும். சங்கீதத்தைப் பார்க்காமலே சொல்கிறார்கள். நான் செய்தது கால் கழுவியது மட்டும்தான்.

பாட்டி (குரல் பதிவு): என்ன, தொழுநோயா? என்னிடம் யாரும் சொல்லவே இல்லையே! கைக்கு உறை போட்டாயா? வீட்டுக்கு வந்ததும் குளித்தாயா?

நர்ஸ் அக்கா: பாட்டி, பயப்படாதீர்கள். மருந்தை முழுதாகச் சாப்பிட்டு முடித்தவர்களிடமிருந்து பரவாது. 6 மாதம் அல்லது 12 மாதம் கூட்டு மருந்து கொடுப்பார்கள், கிருமி ஒழிந்துவிடும். ஆனால் செத்த நரம்பு திரும்பி வராது. பாதத்தில் உணர்ச்சி இருக்காது. முள் ஏறினாலும் தெரியாமல் அதன் மேலேயே நடப்பார்கள், புண்ணாகும். விரல் தானாக அழுகி விழுகிறது என்றுதான் ஒரு காலத்தில் நினைத்தார்கள். வலி தெரியாததால் படுகிற காயமே காரணம் என்று எடுத்துக்காட்டியவர் வேலூரில் 1946-இல் வேலைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட். அவரும் மிஷனரி வீட்டுப் பிள்ளைதான்.

பாட்டி (குரல் பதிவு): சரி சரி. குளித்தாளா என்று மட்டும் சொல்லுங்கள்.

அம்மா: குளித்தாள் அத்தை 😄

அண்ணன்: நான் ஒன்று கேட்கட்டுமா? கோபப்படக் கூடாது. பத்துப் பேர் போய்வந்த பயணச் செலவை அந்த இல்லத்துக்கே அனுப்பியிருந்தால் அவர்களுக்கு இன்னும் உபயோகமாக இருந்திருக்காதா? 1998-இல் மிட்ச் புயல் ஹோண்டுராஸைப் புரட்டிப் போட்ட பிறகு வட அமெரிக்கச் சபைகளிலிருந்து குழு குழுவாகப் போய் வீடு கட்டிக் கொடுத்தார்கள். பிறகு ஒருவர் போய் ஆராய்ந்தார். வெளியிலிருந்து வந்தவர்கள் கட்டிய வீடோ, உள்ளூர் அமைப்புகள் கட்டிய வீடோ, குடியிருந்தவர்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லையாம். போய்வந்தவர்களோ வாழ்க்கையே மாறிவிட்டது என்றார்கள். அவர்கள் கொடுக்கும் காணிக்கை மட்டும் சொல்லும்படி ஏறவில்லை.

மாமா: வந்ததும் வராததுமாக ஏன்டா!

நான்: இருக்கட்டும் மாமா, அவன் கேட்பது நியாயம்தான். நானும் அங்கே இதையே யோசித்தேன். அங்கே வேலை செய்யும் அக்கா ஆறு பேருக்குக் கட்டுப் போடும் நேரத்தில் நான் இரண்டு பேருக்குப் போடுவேன். அதிலும் ஒன்றை அவர் அவிழ்த்துத் திரும்பக் கட்டுவார். நாங்கள் போகாமல் இருந்திருந்தால் அவருக்கு வேலை சீக்கிரமே முடிந்திருக்கும்.

அண்ணன்: அப்புறம் எதற்குப் போனாய்?

நான்: உண்மையைச் சொல்லவா? வாலிபர் கூட்டத்தில் எல்லோரும் பெயர் கொடுத்தார்கள், நானும் கொடுத்தேன். ஒரு வருஷமாக நான் ஒழுங்காக ஜெபிக்கவே இல்லை. அம்மாவுக்குக்கூடத் தெரியாது. சபையில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பேன், அவ்வளவுதான்.

அம்மா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நான்: எனக்குக் கொடுத்த வேலை ஒரு பாட்டியம்மாவின் பாதங்கள். வாளியில் தண்ணீர் ஊற்றி, சூட்டை என் முழங்கையால் பார்க்க வேண்டும், ஏனென்றால் கொதித்தாலும் அவருக்குத் தெரியாது. அரை மணி நேரம் ஊறவிட்டு, தடித்த தோலைச் சொரசொரப்பான கல்லால் மெதுவாகத் தேய்த்து, ஈரம் காயும் முன் எண்ணெய் தடவ வேண்டும். புண் இருக்கும் இடத்தைத் தனியாகக் கட்ட வேண்டும். இரண்டாம் நாள் கட்டைப் பிரித்ததும் வந்த வாடையில் எனக்குக் குமட்டிவிட்டது. வெளியே ஓடிவிட்டேன். திரும்பி வந்தால் அவர் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டு, "போதும் தாயி, நாளைக்குப் பார்க்கலாம்" என்கிறார். என் முகத்தில் எல்லாம் தெரிந்திருக்கிறது.

நான்: வீட்டிலிருந்து ஒரு ஜெபம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். மறுநாள் அதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், ஒரு வார்த்தை வரவில்லை. அவர் விரலில்லாத கையை என் தலையில் வைத்தார். என் பெயரைச் சொல்லி, என் அம்மா பெயரைக் கேட்டு அதையும் சொல்லி, "ஆண்டவரே, இந்தப் பிள்ளை களைத்துப் போயிருக்கிறாள்" என்று ஜெபித்தார். நான் களைத்திருப்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. அழுதுவிட்டேன். அன்று இரவு நானாக ஜெபித்தேன். பத்து நாளில் நடந்தது அதுதான்.

பெரிய அத்தை: 😢🙏

சித்தப்பா: இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். மெதடிஸ்ட் சபை உருவாகக் காரணமான ஜான் வெஸ்லிக்கும் இதுதான் நடந்தது. 1735-இல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்கு மிஷனரியாகக் கப்பலேறினார். வழியில் பெரும் புயல், பாய் கிழிந்து கடல் உள்ளே வருகிறது. ஆங்கிலேயர்கள் அலறினார்கள். கூடப் பயணம் செய்த ஜெர்மானிய மொராவிய சபையார் மட்டும் பாட்டை நிறுத்தவில்லை. சாக எனக்குப் பயம், இவர்களுக்கு இல்லையே என்று வெஸ்லிக்கு உறைத்தது. போன இடத்தில் ஊழியமும் சரியாக நடக்கவில்லை. அங்குள்ள பழங்குடியினரை மனந்திரும்பப் பண்ணத்தான் அமெரிக்கா போனேன், என்னை யார் மனந்திரும்பப் பண்ணுவார் என்று 1738 ஜனவரியில் நாட்குறிப்பில் எழுதினார். அதே வருஷம் மே 24 அன்று லண்டனில் ஒரு சிறு கூட்டத்தில்தான் அவர் மனம் அனல்கொண்டது. ஜார்ஜியாவில் தோற்காமல் இருந்தால் அந்தக் கூட்டத்துக்குப் போயிருப்பாரோ என்னவோ.

அண்ணன்: அப்படியென்றால் நம் நன்மைக்காக அங்கே இருப்பவர்களைத் தொந்தரவு செய்யலாமா சித்தப்பா?

சித்தப்பா: கூடாது. அதனால்தான் இயேசு எழுபது சீடரை ஊழியத்துக்கு அனுப்பும்போது பணப்பையும் சாமான் பையும் வேண்டாம் என்றார். போகிற வீட்டில் கொடுப்பதைச் சாப்பிட வேண்டும். நாம் இரண்டு பெட்டி நிறையத் துணி கொண்டுபோய்க் கொடுப்பவர்களாகவே இறங்குகிறோம், கையேந்தத் தெரிவதில்லை. மச்சான், எத்தனை பேர் என்று கேட்டீர்களே, அந்த எழுபது பேரும் பேய்கள்கூட எங்களுக்குக் கீழ்ப்படிகின்றன என்று சந்தோஷமாகத்தான் திரும்பி வந்தார்கள். அதற்காகச் சந்தோஷப்பட வேண்டாம் என்றுவிட்டார் ஆண்டவர். லூக்கா 10:20.

மாமா: மச்சான், ஒப்புக்கொள்கிறேன் 🙈

அண்ணன்: சரி, இனி என்ன? அடுத்த வருஷம் மறுபடியும் பத்து நாளா?

நான்: தெரியவில்லை. அங்கே இருந்த அக்காவிடம் கேட்டேன். மாதம் ஒருமுறை போன் பண்ணு, அந்தப் பாட்டியம்மா எதிர்பார்ப்பார் என்றார். அது என்னால் முடியும். அப்புறம் அக்கா, நம் பாட்டிக்குச் சர்க்கரை இருக்கிறதே, அவர்கள் காலுக்கும் இதே மாதிரி செய்யலாமா?

நர்ஸ் அக்கா: இல்லை, சர்க்கரைக்காரர்கள் காலை ஊறவைக்கக் கூடாது, டாக்டரைக் கேட்காமல் கல்லால் தேய்க்கவும் கூடாது. தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, விரலிடுக்கில் ஈரம் இல்லாமல் துடைத்து, அடிப்பாதத்தில் வெடிப்போ கொப்புளமோ இருக்கிறதா என்று பார்த்தால் போதும். பாட்டிக்குக் குனிந்து பார்க்க முடியாது. கடைசியாக யார் பார்த்தீர்கள்?

மாமா: 🤐

பெரிய அத்தை: நான் பார்க்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

நான்: பாட்டி, நாளைக்கு வரட்டுமா?

பாட்டி (குரல் பதிவு): நீ வந்து என் காலைத் தொடுவதா? அதெல்லாம் வேண்டாம். என் கால் நன்றாகத்தான் இருக்கிறது.

சித்தப்பா: இயேசு காலைக் கழுவ வந்தபோது பேதுருவும் அப்படித்தான் வேண்டாம் என்றார் அம்மா 😄

(பதினைந்து நிமிடம் கழித்து)

பாட்டி (குரல் பதிவு): சரி. ஆராதனை முடிந்ததும் வா. இடது குதிகாலில் என்னவோ இருக்கிற மாதிரி இருக்கிறது, நீயே பார். போட்டோ மட்டும் எடுக்காதே.